ஃபிரிட்ஜுக்கு எதிராக ஒரு கடற்கரை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. இருக்கிறது என்று நிகழ்காலத்தில் எழுத முடிவதே ஒரு சாதனை. போன வருஷம் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபிரிட்ஜை வைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வீடு என்றால் என் மனைவி. நானும் மகளும் அதில் குடியிருக்கிறோம்.

ஃபிரிட்ஜ் இரட்டைக் கதவு வைத்தது. வாங்குவதற்கு முன் அதன் நிறத்தை யோசித்தோம், விலையை யோசித்தோம், சமையலறை வாசலின் அகலத்தை மட்டும் யோசிக்கவில்லை. பொன்னமராவதிக் கடைத்தெருவிலிருந்து அதை ஏற்றிவந்தவர்கள் சமையலறை நிலை வரைக்கும் கொண்டுபோய், இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, கடைசியில் படுக்கையறையில் நிறுத்திவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நான் ஃபிரிட்ஜின் பக்கத்தில் படுக்கிறேன். என் குறட்டைக்கு இத்தனை காலம் கழித்து ஒரு பக்கவாத்தியம் கிடைத்தது.

“ஏங்க, ஹால்ல அலமாரி நிக்கிற எடம் ஃபிரிட்ஜுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி.

“புத்தகமெல்லாம் எங்க போறது?”

“பரண் எதுக்கு இருக்கு? நீங்க படிச்சு முடிச்சதை மட்டும் கீழ வச்சுக்குங்க. அதுக்கு அந்த ஸ்டூல் போதும்.”

எங்கள் பரணில் மகளின் தொட்டில், ஓடாத மிக்சி, செத்துவிட்டதாக நம்பப்படும் ஒரு எலி ஆகியவை வசிக்கின்றன. அங்கே ஏறிய எதுவும் இறங்கி வந்ததில்லை. வாதம் செய்து அலமாரியைக் காப்பாற்ற என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். வாதம் எப்படிச் செய்வது என்று விளக்கும் புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. ஸ்டூலில் வைக்கத் தகுதி பெறாத புத்தகங்களில் அதுவும் ஒன்று.

வழி காட்டியது பிளஸ் ஒன் படிக்கும் மகள். ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு புத்தகம் அளவுக்குக் குறுகலான பெட்டி. உள்ளே எட்டிப்பார்த்தால் ஒரு குட்டித் தெரு, சன்னல்கள், விளக்கு வெளிச்சம்.

“இதுக்குப் பேரு புக் நூக்குப்பா. வீட்ல எல்லாருமாச் சேந்து செய்யிறாங்க.”

எல்லாரும் சேர்ந்து என்ற சொல்லில் எனக்குப் பொறி தட்டியது. அலமாரியில் மனைவியின் கைபட்ட பொருள் ஒன்று உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அதை நகர்த்த அவளுக்கே மனம் வராது. வீடியோவில் இருந்தது பனி பெய்யும் தெரு. அது வேண்டாம் என்றேன். “அம்மா ஊர்க் கடற்கரையைச் செய்வோம்.”

மனைவி கட்டுமாவடிக்காரி. கல்யாணமாகிப் பொன்னமராவதிக்கு வந்ததில் என்னைப் பற்றிக்கூட அவளுக்குப் பெரிய குறை கிடையாது. கடல் இல்லாததுதான் குறை. இங்கே வரும் மீனை அவள் மீன் என்று சொல்லமாட்டாள். “இங்கிட்டு விக்கிறது” என்பாள்.

வேலையை நானும் மகளும் தொடங்கினோம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சதுரமாக ஒரு துண்டு வெட்டினோம். அதற்குள் இருந்த தெர்மாகோலையும் எடுத்துக்கொண்டோம். எதிரியின் பாசறையிலிருந்தே ஆயுதம் எடுத்த திருப்தி எனக்கு. கடலுக்கு நானே நீல வர்ணம் பூசினேன். நுரைகூட வைத்தேன்.

கரண்டியோடு அந்தப் பக்கம் வந்த மனைவி நின்றாள். “இது எந்த ஊரு?”

“ஒங்க ஊருதான்.”

“எங்க ஊருல கடலு எப்ப நீலமாச்சு? சேத்துத் தண்ணிங்க அது. அலையே அடிக்காது, நீங்க நுரை வச்சிருக்கீங்க.”

உடனே தம்பிக்கு வீடியோ கால் போட்டாள். என் மச்சினன் கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவன். போனை நான் செய்த கடலுக்கு நேராகப் பிடித்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நல்லாருக்கு மச்சான். எப்ப கோவா போயிட்டு வந்தீங்க?”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு டீ டிகாக்‌ஷனைக் கொண்டுவந்தாள். தச்சுப் பசையில் அதைக் கலந்து என் நீலத்தின் மேல் தடவினாள். காய்ந்ததும் பார்த்தால் அசல் கட்டுமாவடிக் கடல். தரையில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குச் சோறு ஓட்டலிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு என் பதவி படிப்படியாக இறங்கியது. வர்ணம் பூசுகிறவனாக இருந்து வெட்டுகிறவனானேன். வெட்டியது கோணலாக இருந்ததால், பசை காயும் வரை பிடித்துக்கொண்டிருப்பவனானேன். அதிலும் ஒரு படகு என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“அப்பா, நீங்க போய்ப் படிங்க. ஒங்களுக்கு அதானே புடிக்கும்,” என்றாள் மகள். இதைவிட மரியாதையாக ஒரு மனிதனை வேலையிலிருந்து நீக்க முடியாது.

கிழிந்த கொசுவலை மீன்வலையானது. தீக்குச்சிகள் படகுக்குப் பலகையாயின. ஏலத்துக்குக் கூடியிருக்கும் சனங்களுக்கு அறுந்துபோன பாசிமணியில் தலை வைத்தார்கள். ஐஸ் பெட்டியைத் தெர்மாகோலில் செய்தார்கள். நிஜ ஐஸ் பெட்டியும் தெர்மாகோல்தான். கலைக்கும் வாழ்க்கைக்கும் இவ்வளவு நெருக்கம் நான் வேறெங்கும் கண்டதில்லை.

மீன்தான் சரியாக வரவில்லை. மகள் களிமண்ணில் உருட்டியதைப் பார்த்து, “கொழுக்கட்டை மாதிரி இருக்குடி,” என்றாள் அம்மா. சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். சென்னாக்கூனி. நகக்கண் அளவுகூட இல்லாத பொடி இறாலைக் காயவைத்தது. அதைச் சின்ன ஐஸ் பெட்டிகளில் குவித்ததும், அந்த அளவுக்கு அது பெரிய இறாலாகவே ஆகிவிட்டது. மீசை உள்பட.

நாலு எழுத்துப் படித்தவன் என்கிற முறையில் இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, யதார்த்தவாதம் என்றால் என்ன என்று இருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தட்டில் தத்துவ நூல்களுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கடற்கரையைச் செருகினோம். மகள் குட்டி பல்பைப் போட்டாள். டீ நிறத் தண்ணீரில் வெளிச்சம் விழுந்தது. மனைவி குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏலம் போடுற சத்தம் மட்டுந்தான் இல்ல,” என்றாள்.

மறுபடி தம்பிக்குப் போன். விஷயத்தைச் சொன்னதும், அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்கள் அலமாரிக்குள் ஏலம் விட்டான். மகள் ஒரு விலை கேட்டாள், அம்மா அதற்கு மேல் கேட்டாள், வீட்டிலேயே இருந்த இறாலை அவர்கள் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

அதற்குப் பிறகு ஃபிரிட்ஜைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் வாசனை வந்தது. ஒருநாள் தத்துவ நூல் ஒன்றைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கருவாடு மணந்தது. அந்த நூல் வாய் ஊறும்படி இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எறும்பு வந்தது. அதையும் மஞ்சள் தூள் போட்டுச் சமாளித்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

பூனையைச் சமாளிக்க முடியவில்லை. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். கூடத்துச் சன்னல் திறந்திருந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் தரையில். படகு கவிழ்ந்து கிடந்தது. ஐஸ் பெட்டிகளில் பல் தடம். தெருப்பூனை ஒரு சரித்திரப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவசரமில்லாமல் எழுந்து, வந்த வழியே போயிற்று.

மனைவி பட்டுப்புடவையோடு நின்றாள். அலமாரி போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்பதென்றாலும் கொஞ்சம் கௌரவமாகத் தோற்கலாம் என்று நானே ஆரம்பித்தேன்.

“சரி விடு. நாளைக்கே பரண்ல ஏத்திர்றேன்.”

“எதை?”

“புத்தகத்தைத்தான். அலமாரியை எடுத்துட்டா ஃபிரிட்ஜைக் கொண்டாந்து...”

“அலமாரியை எடுத்துட்டுக் கடலை எங்க வைக்கிறது?” என்றாள்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து படகை நிமிர்த்தினாள். “கண்ணாடிக் கதவு போடணும். கீழ்த்தட்டு ஆகாது, மேல வைக்கணும். இறாலுக்குப் பதிலா இவ உருட்டுன கொழுக்கட்டையே இருந்துட்டுப் போகட்டும்.”

“அம்மா, மீன் லாரி நிக்கிற ரோட்டையும் செய்வோம்மா. டீக்கடையோட,” என்றாள் மகள்.

“செய்யலாம். எடம் வேணும்ல?”

இருவரும் தலையைத் தூக்கி மேல்தட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஆக, அலமாரி கூடத்திலேயே இருக்கிறது, கண்ணாடிக் கதவோடு. அதில் கடற்கரை இருக்கிறது, ரோடு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. அடுத்து ஐஸ் கம்பெனி வரப்போவதாகக் கேள்வி. பக்கத்தில் புத்தகம் இல்லாவிட்டால் புக் நூக் ஆகாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் சில புத்தகங்களை மகள் அனுமதித்திருக்கிறாள். உயரமும் அட்டை நிறமும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. வருகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு, “அலையே இல்லாம எப்புடி இவ்ளோ தத்ரூபமா செஞ்சீங்க?” என்று என்னைக் கேட்கிறார்கள். நான் அடக்கமாகச் சிரித்துவைப்பேன்.

மற்ற புத்தகங்கள் பரணுக்குப் போகவில்லை. அந்த மட்டும் எனக்கு வெற்றிதான். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பாதியாக வெட்டி, அதில் அடுக்கி, படுக்கையறையில் ஃபிரிட்ஜுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே வைத்திருக்கிறோம். கடலுக்காக வெட்டிய சதுர ஓட்டை என் தலைமாட்டுப் பக்கம் இருக்கிறது. படுத்தவாக்கில் கையை விட்டால் ஏதாவது ஒரு புத்தகம் வரும். எது வரும் என்று தெரியாது. கருவாடு மணந்தால் தத்துவம்.