மேட்டுப் பக்கம் எங்கே இருக்கிறது

எங்கள் ரேடியோவில் வானிலை படிக்கிற மாலிபுவோவை நான் மாவு மில்லில் வைத்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பொய்க்காரி என்று திட்டியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு எவனாவது வந்து உங்களிடம் போட்டுக்கொடுப்பதற்கு நானே சொல்வது மேல்.

அவள் எங்கள் ஊர் மருமகள். ஹா லெபாகாவில் பெரியவர் மகேதா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்கிறான். இவள் விடியுமுன் எழுந்து, போர்வையைத் தோளில் ஊசி குத்தி, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பழுப்புக் குதிரையில் ஏறி மொகோட்லோங் டவுனுக்குப் போவாள். காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தலைநகரத்திலிருந்து வருகிற வானிலைத் தாளைப் படிப்பாள். அடுத்த நாலைந்து நாளைக்குக் குளிர் எப்படி, காற்று எப்படி, பனி விழுமா விழாதா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாவுச் செய்தி, காணாமல் போன மாடு, ஆட்டுக்கு முடி கத்தரிக்கும் கொட்டகையில் எந்த வாரம் யார் முறை என்ற பட்டியல், கடைசியில் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் வாழ்த்து.

பட்டியல் படிக்கும்போது ஒரு வேடிக்கை உண்டு. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அபராதம்: ஆடு அறுத்து ஊரைக் கூட்டிப் பெரியவருக்குச் சாப்பாடு போட வேண்டும். அதனால் மகேதாவின் முறை வந்தால் "எங்க வீட்டுப் பெரியவர்" என்று படித்துவிட்டு அடுத்த பேருக்குத் தாவிவிடுவாள். மாவட்டம் முழுக்க அந்த இடத்தில் சிரிக்கும்.

சரி, நான் திட்டிய கதைக்கு வருகிறேன். தாளில் எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்: "மேட்டுப் பக்கங்களில் பனிப்பொழிவு எதிர்பார்க்கப்படுகிறது." நாங்கள் மலைக்காரர்கள். ஊரே மேட்டில்தான் இருக்கிறது. ஆனால் மேட்டுப் பக்கம் எது என்று எங்களில் எவனைக் கேட்டாலும் தனக்கு மேலே இருக்கிற ஊரைத்தான் காட்டுவான். நான் ஹா மொலாபோவைக் காட்டுவேன். ஹா மொலாபோக்காரன் அதற்கு மேலே உள்ள ஆட்டுப் பட்டியைக் காட்டுவான். பட்டியில் இருக்கிறவன் சிகரத்தைக் காட்டுவான். சிகரத்தில் யாரும் இல்லை. ஆக, தாளில் சொன்ன பனி யாருக்குமே இல்லாமல் போய்விடும்.

இது மாலிபுவோவுக்குப் பெரிய உறுத்தலாகிவிட்டது. ஒரு தடவை மேட்டுப் பக்கம் பனி என்று படித்த மறுநாள், முடி கத்தரித்த அறுபது ஆடு ஒரே பட்டியில் செத்துக் கிடந்தது. ஆட்டுக்காரன் அவளிடமே வந்து, "மேட்டுக்குத்தானே சொன்னே, எனக்கா சொன்னே?" என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து ஒரு நோட்டில் ஊர்ப் பேர்களை உயரப்படி எழுதி வைத்துக்கொண்டு, தாளைப் படித்த கையோடு இன்ன இன்ன ஊர் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

போன வருஷம் எங்கள் ஊரையும் சொன்னாள். அந்த வாரம் கொட்டகையில் எங்கள் முறை. பயந்துபோய் ஆட்டை ஓட்டாமல் நின்றோம். முறை போனது போனதுதான், வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். பனியோ பக்கத்துப் பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டு, எங்கள் பக்கம் ஒரு பொட்டுகூட விழவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வேண்டுமா?

மில்லில் அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி பொய்க்காரி, எங்க ஊர்ல பனி எங்கே?"

"சியாபாட்டா அண்ணே, பனியை நான் கறந்து ஊத்தறதில்ல. வர்றதைப் படிக்கிறேன்."

"தாள்ல எங்க ஊர் பேர் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப யாரைக் கேட்டுப் படிச்சே?"

அவள் மாவு மூட்டையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் விடவில்லை. ரேடியோ கமிட்டிக்கு மனு எழுதி முதல் கையெழுத்தை நானே போட்டேன். தாளில் உள்ளதை மட்டும் படி, ஒரு ஊர் பேரும் கூடாது என்று அவளுக்கு உத்தரவு போட்டார்கள். அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் செப்டம்பர். பீச் மரமெல்லாம் பூத்துவிட்டது. ஜூனில் தொடங்குகிற எங்கள் குளிர்காலம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டோம். திங்கட்கிழமை கொட்டகையில் என்னுடைய முப்பத்தெட்டு அங்கோரா ஆட்டுக்கும் முடி கத்தரித்தேன். கத்தரித்த ஆடு தோல் சிவந்து, பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். மூன்று வாரத்துக்கு அது குளிர் தாங்காது. நனைந்து காற்றும் அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாதி மூச்சடைத்தே செத்துப்போகும். ஆனால் சனிக்கிழமை வரைக்கும் வெயில்தான் என்று தாள் சொல்லியிருந்தது. ஊரில் புல் இல்லை. செவ்வாய்க்கிழமை மலைப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில் பெரியவர் மகேதாவும் தன் ஐம்பத்திரண்டு ஆட்டோடு வந்து சேர்ந்தார். வயசு எழுபதைத் தாண்டியும் கூலிக்கு ஆள் வைக்கமாட்டார். பிடிவாதம்.

புதன்கிழமை காலை எட்டு மணி. வானம் கழுவிவிட்ட மாதிரி. நான் பட்டிக் குடிசை வாசலில் உட்கார்ந்து ஆறிப்போன களியைத் தின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் ரேடியோ. மாலிபுவோ படித்தாள்: "தாள் மாறியிருக்கு. சனிக்கிழமைன்னு சொன்ன குளிர் இன்னிக்கு மதியத்துக்கு மேலேயே வந்துடும். மேட்டுப் பக்கங்களில் பனிப்பொழிவு எதிர்பார்க்கப்படுகிறது."

நான் நிமிர்ந்து சிகரத்தைப் பார்த்தேன். அங்கேதான் விழும் என்று நினைத்தேன். பழக்கம் அப்படி.

சாவுச் செய்தி படித்தாள். காணாமல் போன மாடு படித்தாள். வாழ்த்து நேரம் வந்தது. "இன்னிக்கு எல்லா வாழ்த்தும் ஒரே ஆள் அனுப்பினது. அனுப்பினது நான்தான்," என்றாள். "இந்த வாரம் கொட்டகையில முடி கத்தரிச்சவங்களுக்கு. ஹா மொலாபோ டெபெலோ அண்ணே, வணக்கம். ஆட்டை வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க." அப்படியே ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு போனாள். பத்தாவதாக என் பேர் வந்தது. "சியாபாட்டா அண்ணே, வணக்கம். நீங்க என்னைத் திட்டினது எனக்கு மறக்கல. ஆட்டை வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. கமிட்டி கதவைச் சாத்தினால் இவள் ஜன்னல் வழியாக வருகிறாளே என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. போன வருஷம் இவள் பேச்சைக் கேட்டுப் பட்டது போதாதா? களியில் கை வைத்தேன்.

பதினோராவது ஆள் பெரியவர். 'எங்க வீட்டுப் பெரியவர்' என்று சொல்லப்போகிறாள், மாவட்டமே சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ரேடியோவில் சத்தமே இல்லை. பேட்டரி போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். அப்புறம் அவள் குரல் வந்தது.

"மகேதா மொஷபி. ஆட்டை வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க." மறுபடியும் சொன்னாள். "மகேதா மொஷபி. தயவுசெஞ்சு வாங்க."

களியைக் கீழே வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக வீட்டுக்குள்கூடச் சொல்லாத பேர் அது. குத்துமதிப்பாகத் தோன்றியதற்கெல்லாம் எந்த மருமகளும் அந்தப் பேரை வாயில் எடுக்கமாட்டாள். அவள் நிஜமாகவே பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிர்ச் சரிவில் பெரியவர் தன் ரேடியோவோடு கல்லிலிருந்து எழுந்து நின்றார். பள்ளத்தைத் தாண்டி அவர் குரல் வந்தது.

"டேய் சியாபாட்டா, ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன் மாமா."

"யார் பேருடா அது?"

"உங்க பேருதான்."

"எவ சொன்னா?"

"உங்க மருமக."

கோபத்தில் கல்லைக் கில்லை எடுத்து ரேடியோவை உடைத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பட்டியின் படலைத் திறந்தார். நானும் ஓடிப்போய் என் படலைத் திறந்தேன்.

ஆட்டோடு இறங்க ஐந்து மணி நேரம் பிடித்தது. பாதி வழியில் வெயில் போய்விட்டது. ஊருக்குள் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளியது, பனி விழ ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் கட்டிலைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டு முப்பத்தெட்டையும் உள்ளே அடைத்தேன். மூன்று நாள் விடாமல் கொட்டியது. பட்டி வாசலில் இடுப்பளவு கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு இரண்டு ஆடு போனது. பெரியவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. பேர் சொன்ன பதினோரு பேரில் ஒன்பது பேர் இறங்கினோம். இறங்காத இருவரில் ஒருவனுக்குப் பாதி போயிற்று. ஹா மொலாபோ டெபெலோவுக்குத் தோல்தான் மிஞ்சியது. அவன் இன்னமும் மேட்டுக்குத்தானே சொன்னாள் என்கிறான்.

பனி கரைந்ததும் அபராதத்துக்கு ஊர் கூடியது. பெரியவர் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. தப்பு தப்புதான் என்றார். மாலிபுவோ தலைகுனிந்து மண்டியிட்டிருந்தாள். வீட்டில் இருக்கிற ஆடெல்லாம் மாமனாருடையது. அவர் ஆட்டை அறுத்து அவருக்கே போட முடியாது. அவளுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தப் பழுப்புக் குதிரை ஒன்றுதான். அதை விற்றுத்தான் ஆடு வாங்க வேண்டும். குதிரை போனால் ரேடியோவும் போச்சு.

நான் என் வீட்டுக்குப் போய், இருப்பதிலேயே கொழுத்த கிடாயைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் கட்டினேன். "இது அவ ஆடு. அவ சொல்லலேன்னா இது மலையில செத்திருக்கும்," என்றேன். மில்லில் திட்டிய வாயால் அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன். அவள் நிமிரவே இல்லை. அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பெரியவர் கறியைப் பொறுமையாகச் சாப்பிட்டார். எலும்பைக் கீழே வைத்தார். வழக்கப்படி மருமகளிடம் நேராகப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவகிட்ட சொல்லு. முதல் தடவை சொன்னப்ப எனக்குக் காதுல சரியா விழல. இனிமே மூணு தடவை சொல்லட்டும். அதையும் பதினோராவதா வேணாம். முதல் பேரா சொல்லட்டும்."

"அபராதம்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் உண்டு. அதுல மாத்தம் இல்ல."

என் மந்தையில் முப்பத்தைந்து இருந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும் மாமா, ஆடு நான் தருகிறேன் என்றேன்.