குசினியில் அடைத்த கடன்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கடனைத் தவணை முடிவதற்கு வெகு முன்னதாகவே என் கணவர் அடைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள், செத்த வீட்டிலும் சொல்கிறார்கள். "அவர் கெட்டிக்காரன், பாங்குக்காரனுக்கே தண்ணி காட்டினவர்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கடன் எப்படி அடைந்தது என்பதை ஒருமுறையாவது நானே சொல்லிவிட வேண்டும்.

அது யுத்த காலம். முதலில் நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாளே பொலிஸ் வரும். யார் இருக்கிறீர்கள், எங்கேயிருந்து வந்தீர்கள், பதிந்தாயிற்றா என்று கேட்கும். இப்படிச் சில தடவைகள் நடந்த பிறகு வீட்டுக்காரர் வந்து, "குறை நினைக்காதேங்கோ, எங்களுக்கும் பிரச்சினை வரப் பாக்குது" என்று அறைகளைத் திருப்பிக் கேட்டார். அவரும் தமிழர்தான். இளைய மகள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாக வீடு தேடினேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" யாழ்ப்பாணம் என்றால் முற்பணம் இரண்டு மடங்கு. நான் என்ன குண்டையா கட்டிக்கொண்டு போனேன்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதானே போனேன்!

இனி யாரும் எங்களை எழும்பச் சொல்லக்கூடாது என்றுதான் கடன் எடுத்து ஒரு பிளாட் வாங்கினோம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், மூன்றாம் மாடி. முற்பணத்துக்கு என் சீட்டுக் காசும் தாலிக்கொடி தவிர்ந்த என் நகைகளும் போயின. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு, "சம்பளம் எடுக்கிறது ஐயாதானே, அவரின்ரை பேரில இருக்கட்டும், பாங்குக்கும் லேசு" என்றார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் கணவர் நகரின் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதராக இருந்தார். ஒரு நாள் அவருடைய கந்தோருக்குப் பக்கத்தில் பெரிய குண்டு வெடித்தது. பஸ் ஓடவில்லை. கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தே வந்தார். தலைமயிருக்குள் கண்ணாடித் தூள். சட்டையில் வேறு யாருடையதோ இரத்தம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் வராமலே போயிருந்தால் என்ற எண்ணம் அன்று முழுக்க என்னை விடவில்லை. வங்கி எங்களுக்காகக் காத்திருக்குமா? இரண்டு பெண்பிள்ளைகளோடு மறுபடியும் நான் "எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?

மறுநாள் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, இந்தக் கடனைக் கெதியா அடைக்கவேணும்."

"எப்பிடி? சம்பளம் கூடப்போறேல்லையே."

"செலவைக் குறைப்பம்."

"எதில குறைப்பீர்?"

"சாப்பாட்டில."

அவர் சிரித்தார். "செய்யும் பாப்பம்" என்றார். குசினியில் மிச்சம் பிடித்து ஒரு வீட்டை மீட்கலாம் என்று அவர் நம்பவில்லை.

நான் செய்தேன். பால்மாவைப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் வெறுந்தேத்தண்ணீருக்கு மாறினோம். விலைகூடிய அறக்குளா மீன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சந்தையில் பொழுதுபடும் நேரம், கடைக்காரன் பெட்டியைக் கழுவ ஆயத்தமாகும்போது போய் மலிவான சூடையும் சாளையும் வாங்கினேன். ஒரு தேங்காயை உடைத்தால் ஒரு பாதி அன்றைக்கு, மறுபாதி நாளைக்கு. மூன்றாம் பால் வரைக்கும் பிழிந்தேன். முதல்நாள் சுட்ட பாண் விலை குறைவு என்றால் முதல்நாள் பாண்தான். தக்காளி விலை ஏறினால் புளி. கீரை தவறவே தவறாது. "அம்மா, இண்டைக்கும் பருப்போ?" என்று இளையவள் கேட்பாள். "ஓம், இண்டைக்கும் பருப்புத்தான்" என்பேன். அப்படி மிஞ்சிய காசைத் தனியாகப் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை வங்கிக்குக் கொண்டுபோய்க் கடனின் அசலில் கட்டினோம்.

அவர் எதை விட்டார் என்று கேட்கிறீர்களா? சிகரெட்டைக் குறைக்கச் சொன்னேன். இரண்டு கிழமை குறைத்தார். பிறகு, "ஆம்பிளையளுக்கு எண்டு ஒரு செலவு இருக்கும்தானே" என்றார். பின்னேரங்களில் கந்தோர் நண்பர்களோடு ரோல்ஸும் தேத்தண்ணீரும் தவறவில்லை. நான் ரோல்ஸ் சாப்பிட்டு எத்தனை வருடம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அரிசியை மூட்டையாக எடுத்தால் மலிவு. கீழ்மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாவை நானும் அவர்கள் வழக்கப்படி தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேருமாகப் புறக்கோட்டைக்குப் போய் ஒரு மூட்டை எடுத்து, ஓட்டோவில் கொண்டுவந்து பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு தடவை சோதனைச்சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான்.

"மே மொகத?" என்றான், இது என்ன என்று.

"ஹால், மஹத்தயா. அரிசி."

நான் சொன்னதை அவன் நம்பவில்லை. ஒரு இரும்புக் கம்பியை எடுத்து மூட்டைக்குள் இங்கே குத்தினான், அங்கே குத்தினான். சாக்கு நீளத்துக்குக் கிழிந்தது. அரிசி ஓட்டோவுக்குள் கொட்டி, அங்கிருந்து ரோட்டில் கொட்டியது. "ஹரி, யன்ட" என்று கையைக் காட்டினான், போகச் சொல்லி.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. இறங்கினேன். இது என் பிள்ளைகள் சாப்பிடுகிற அரிசி, அள்ளி முடியும்வரை போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தாத்தா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தா. "வேணாம் புள்ள, ஏறுங்க, அரிசி போனாப் போகுது" என்று கெஞ்சினா. நான் ஏறவில்லை. குந்தியிருந்து இரண்டு கையாலும் அள்ளினேன். பின்னால் வாகனங்கள் ஹோன் அடித்தன. அவன் துவக்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் தாத்தாவும் இறங்கி வந்து என்னோடு அள்ளினா. அந்த மாதம் முழுக்க அரிசியில் கல் பொறுக்கினோம்.

அதைக்கூட மறந்துவிடுவேன். என் மச்சாளின் பேச்சை மறக்கமாட்டேன். கணவரின் அக்கா லண்டனிலிருந்து வந்து எங்களோடு இரண்டு கிழமை நின்றா. முதல்நாள் சாப்பாட்டில் சொதியைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சாள், தேங்காய்ப்பால் விட மறந்திட்டீரோ?" என்றா. பிறகு தம்பியைப் பார்த்து, "நீ நல்லாக் காய்ஞ்சு போனாயடா" என்றா. மறுநாளே அவர் பையை எடுத்துக்கொண்டு போய் அறக்குளா, கோழி, முந்திரிகை, ஆப்பிள் எல்லாம் வாங்கி வந்தார். தினமும் அப்படித்தான்.

"இது நான் மாதக் கணக்கில மிச்சம் பிடிச்ச காசு" என்று குசினிக்குள் வைத்துச் சொன்னேன்.

"மெல்லக் கதையும். அக்கா எப்பவாவதுதானே வாறா. என்ரை மானம் போகக்கூடாது."

"உங்கடை மானத்துக்கும் நான்தான் சமைக்கவேணும். என்ரை மானத்துக்கு ஆர் சமைக்கிறது?"

 மச்சாள் லண்டனுக்கு வெளிக்கிடும்போது என் பிள்ளைகளின் கன்னத்தைத் தடவி, "அம்மா உங்களை வளர விடாமல் வைச்சிருக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனா. நல்லவேளை, அப்போது என் கையில் இருந்த மத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்படி வருடங்கள் போய், மிச்சக் கடன் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டும் நாள் வந்தது. இரண்டு பேருமாக வங்கிக்குப் போனோம். அதிகாரி என் கணவரின் கையைக் குலுக்கினார். "உங்களைப் போலக் கஸ்டமர் எங்களுக்குப் பெருமை, சேர்" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டி, முன்கூட்டி அடைப்பதற்கு ஒரு கட்டணம் இருக்கிறது என்றார்.

"காசை நேரத்துக்குக் கட்டாட்டித் தண்டம். முந்திக் கட்டினாலுமா தண்டம்?" என்று கேட்டேன்.

"பாங்குக்கு வட்டி நட்டம்தானே மெடம்."

"நாங்கள் இவ்வளவு காலமும் கட்டின வட்டி ஆருக்கு லாபம்?"

மேசைக்குக் கீழே என் கணவர் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். மனேஜரைப் பார்க்கவேண்டும் என்றேன். மனேஜர் கூட்டத்தில் என்றார்கள். இருக்கிறேன் என்றேன். மத்தியானம் வரை இருந்தேன். மனேஜர் வந்தபின் அதையே சிங்களத்திலும் சொன்னேன். கடைசியில் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துத் தந்தார்கள். மீதியைக் கட்டிவிட்டு வந்தோம். பஸ்ஸில் அவர், "நீர் என்னை வெக்கப்படுத்திப் போட்டீர்" என்றார். வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு சிறிய பூசை வைத்துச் சொந்தக்காரரைக் கூப்பிட்டோம். எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். நான் வடைத் தட்டோடு குசினியிலிருந்து வரும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாங்கில கட்டணம் எண்டு ஒண்டு கேட்டாங்கள். நான் விடேல்லை. மனேஜரோட கதைச்சுக் குறைப்பிச்சுப் போட்டன்."

நான் அப்படியே நின்றேன். "ஆர் கதைச்சது?" என்று கேட்டேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஆர் மத்தியானம் மட்டும் இருந்து கதைச்சது எண்டு கேக்கிறன். அதையும் சொல்லுங்கோ." தட்டை மேசையில் வைத்தேன். "கடன் முடிஞ்சுதுதானே. இந்த வீட்டில பாதியை என்ரை பேரில எழுதுங்கோ."

 பெரியவர் ஒருவர், "பிள்ளை, இதெல்லாம் சபையில கதைக்கிற கதையே?" என்றார். புகழ்ச்சியைச் சபையில் வாங்கலாம், பங்கைச் சபையில் கேட்கக்கூடாதா என்று நினைத்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒருநாள் கேட்டார்: "நீர் என்னை நம்பேல்லையோ?"

"நம்பாமல் இல்லை. பொலிஸ் வந்து பதியேக்கை என்னை வீட்டுக்காரற்றை மனுசி எண்டு எழுதுறாங்கள். நீங்கள் இல்லாட்டி நான் இந்த வீட்டில ஆர்? அதைச் சொல்லுங்கோ."

அவர் எழும்பிப் போய்விட்டார். சில மாதங்களில் அவரோடு வேலை செய்த ஒருவர் மாரடைப்பில் இறந்தார். வீடு இறந்தவரின் பெயரில் மட்டும் இருந்தது. அவருடைய மனைவி நீதிமன்றத்துக்கும், கணவனுடைய சகோதரர்களின் கையெழுத்துக்கும் அலைந்தா. கந்தோருக்கே வந்து ஒரு கடிதத்துக்காக அழுதாவாம். என் கணவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். அடுத்த நாள் காலையில், "வெளிக்கிடும். நொத்தாரிசிட்டைப் போவம்" என்றார்.

அதே நொத்தாரிசுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்ன ஐயா, வீட்டில ஓடரோ?" என்று சிரித்தார்.

"இல்லை," என்றார் என் கணவர். "கடனை அடைச்சது அவதான்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லையே.

பாதி வீட்டை எனக்கு எழுதும் பத்திரம் தட்டச்சாகி வந்தது. வாசித்தேன். என் பெயரில் ஓரெழுத்துப் பிழை. நொத்தாரிசு எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் பிழைதானே, பேனையால வெட்டி எழுதிக் கையெழுத்து வைக்கலாம்" என்றார்.

"வெட்ட வேண்டாம். புதிசா அடியுங்கோ" என்றேன்.

தட்டச்சுப் பிள்ளை பெருமூச்சு விட்டுக்கொண்டு புதுத் தாளைச் சுருட்டி ஏற்றியது. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். என் பெயரை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.