ஷிகேசோ போட்ட எட்டு

ஷிகேசோ முப்பது வருஷம் சவ ஊர்தி ஓட்டியவர். சிச்சிபு ஊரில் செத்தவர்களில் பாதிப் பேரை அவர்தான் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னால் படுத்திருந்த ஒருத்தர்கூடத் தன்மேல் குறை சொன்னதில்லை என்று பெருமையடிப்பார். அத்தனை வருஷம் ஊர்ந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளவே இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதை வளைவுகளில் அதை விரட்டுவார். மற்ற நாட்களில் அவர் சவ வண்டியைக் குனிந்து வணங்கிய அதே ஜனங்கள் அன்றைக்கு மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

இப்போது வயது எழுபத்து மூன்று. மகள் சனாயே வரும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்: லைசென்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

"பேப்பர் பாத்தீங்களாப்பா? எண்பது வயசுக்காரர் காரை நேரா காய்கறிக் கடைக்குள்ள விட்டுட்டாராம்."

"கடைக்குன்னுதானே கிளம்பியிருப்பாரு. சரியான எடத்துக்குத்தான் போயிருக்காரு."

"சிரிக்காதீங்க. உங்க மேல ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே குடுத்துடணும். சரியா?"

தொல்லை விட்டால் போதுமென்று சரி என்றுவிட்டார். கார் போய்விட்டால் மிச்சமிருப்பது டிவியும் சாவும்தான். இரண்டில் சாவே தேவலை என்பது அவர் கட்சி.

அந்த நேரம் பார்த்து காரின் டிஃபரன்ஷியல் மக்கர் செய்தது. பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்கும் அந்த இரும்பு உருண்டைதான் இரண்டுக்கும் பலத்தைப் பங்கு போட்டுத் தருவது. வளைவில் அது ஒரு சக்கரத்தை வீணாகச் சுழலவிட்டது. ஷிகேசோ எங்கேயோ தேடிப்பிடித்து, உள்ளே உராய்வுத் தட்டுகள் அடுக்கிய பந்தய ரகம் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். வண்டி மெதுவாகத் திரும்பினால் கடக் மடக்கென்று சத்தம் போடும். தெரியாதவர்கள் வண்டி உடைந்துவிட்டது என்பார்கள். தெரிந்தவர்களுக்கு அது சங்கீதம்.

டிராக்டர் ரிப்பேர் பார்த்த பழைய சிநேகிதன் கிஹேயின் கொட்டகையில் சனிக்கிழமை மாற்றினார்கள். காருக்கு அடியில் இரண்டு கிழங்களும் மல்லாந்து கிடந்தார்கள். கழற்றிய உருண்டை கிஹேயின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"நான் செத்தா ஓசியில கொண்டுபோவியாடா?"

"உன் கனத்த ஏத்துனா சவ வண்டிக்கும் டிஃபரன்ஷியல் மாத்தணும்டா."

புதியதை மாட்டி முடிப்பதற்குள் கிஹேய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வெந்நீர்த் தொட்டியில் ஊறப் போகிறேன் என்று எழுந்துவிட்டான்.

"உருண்டைக்குள்ள எண்ணெய் ஊத்துறது மட்டும் பாக்கி. மறக்காம ஊத்தி மூடிடு."

"எனக்கே சொல்லித் தர்றியா? போடா."

மறுநாள் காலை ஷிகேசோ தட்டுகளைப் பழக்கப் புறப்பட்டார். தட்டுகள் ஒன்றோடொன்று இசைய, காலி இடத்தில் நிதானமாக எட்டு எட்டாகச் சுற்ற வேண்டும். இழுத்து மூடிய சூதாட்டக் கூடம் ஒன்றின் வாசல் மைதானம் வசதியாக இருந்தது. கடக், மடக், கடக். சத்தம் நினைத்ததைவிடப் பலமாகவே இருந்தது. அவருக்குப் புல்லரித்தது.

நாயை நடத்திக்கொண்டு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தாள். கிழவர் சுற்றிக்கொண்டே இருந்தார். நாய் அலுத்துப்போய் உட்கார்ந்தது. அவள் போலீஸுக்கு ஒன்று, தெரிந்த பெண்ணான சனாயேவுக்கு ஒன்று என்று இரண்டு போன் போட்டாள்.

இளவயது போலீஸ்காரன் ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். பின்னாலேயே சனாயே மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தாத்தா, எங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம்."

"அப்ப ஏன் சுத்துறீங்க?"

"உள்ள தட்டெல்லாம் புதுசு. ஒண்ணுக்கொண்ணு பழகணும்ல, அதான்."

போலீஸ்காரன் சனாயேவைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் குரல் தழைந்துவிட்டது.

"அப்பா, காலையில சாப்டீங்களா?"

உண்மையைச் சொல்லச் சொல்லத் தனக்குப் பைத்தியப் பட்டம் உறுதியாகிறது என்பது ஷிகேசோவுக்குப் புரிந்தது. ஆத்திரத்தில் வண்டியைக் கிளப்பி ஒரு வட்டம் அடித்தார். கடக் மடக். போலீஸ்காரன் முகம் மலர்ந்தது.

"ஐயா! பந்தய டிஃபரன்ஷியலா? என் கார்லயும் இருக்கு. நானும் இதே எடத்துலதான் எட்டு போட்டேன்." சனாயேவிடம் திரும்பினான். "உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா. மூளை என்னுதவிட நல்லா இருக்கு."

சனாயே சிரித்தாள், அழுதாள், போலீஸ்காரனுக்கும் அம்மாளுக்கும் நாய்க்கும் சேர்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "இது புகார்ல சேராதுப்பா" என்றாள். ஷிகேசோ சக்கரவர்த்தி மாதிரி காரில் சாய்ந்து நின்றார்.

அப்போதுதான் கிஹேய் சோற்றுருண்டைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான்.

"என்னடா கருகுற வாசன?"

"புதுத் தட்டு, அப்படித்தான் இருக்கும்."

பொட்டலத்தைப் பின்சீட்டில் வைக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். சீட்டுக்குக் கீழே, உருண்டைக்கென்று வாங்கிய ஒரே எண்ணெய் டின் கிடந்தது. சீல் உடைக்கவில்லை.

"இது என்னடா?" கிஹேயின் குரலில் கிண்டல் இல்லை.

ஷிகேசோ டின்னையே பார்த்தார். ஊற்றியது அவருக்கு ஞாபகம் இருந்தது. டின் கனத்தது, மூக்கைத் துளைத்த நெடி, விரலைக் கால்சட்டையில் துடைத்தது எல்லாம் இருந்தது. இவ்வளவு பயத்தை அவர் எந்த வளைவிலும் கண்டதில்லை.

"நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று கிஹேய் கிசுகிசுத்தான். "கொட்டகைக்கு இழுத்துட்டுப் போய் ஊத்திடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

ஷிகேசோ பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார்.

"இந்தா."

"எதுக்குப்பா? அவரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே."

"அவன் சின்னப் பய, அவனுக்கென்ன தெரியும்? நேத்து நான் எண்ணெய் ஊத்துனேம்மா. ஊத்துனது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. ஆனா டின்னு சீல் பிரிக்காம அப்படியே கெடக்கு."