சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்ட அத்தை

என் மாமியாரை நினைத்தால் முதலில் கண்முன்னே வருவது அவர் முகம் இல்லை, ஒரு முள். அவருடைய பழைய ஜப்பான் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சின்ன வெள்ளை முள். கார் ஓட்டும்போது மற்றவர்கள் சாலையைப் பார்ப்பார்கள். அத்தை சாலையைப் பாதியும் முள்ளைப் பாதியுமாகப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான், “அத்தே, முன்னால பஸ்ஸு!” என்று அலறுவேன். “பஸ்ஸு தானா நகரும் மாப்புளே, முள்ளு தானா எறங்காது” என்பார். அத்தை போய் இப்போது இரண்டு கோடை ஆகிவிட்டது. வெயில் ஏறினால் என் கண்ணும் இன்று முள்ளுக்குத்தான் போகிறது.

அது என் மாமனார் வாடகைக்கு ஓட்டிய கார். அவர் காலமானதும் விற்றுவிடு என்று பர்மாவில், யாங்கோனின் தாமுவே பேட்டையில் எங்களைச் சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அத்தை விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டார். யாங்கோன் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பகான் கோயில்களுக்குப் போய்வருவதுதான் அவர் தொழில். சித்திரை மாதத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாதி வழிக்கு மேல் கள்ளியும் பனையும் செம்மண் புழுதியும்தான். பாலைவனம் என்றே சொல்லலாம். அந்த வழியில் எத்தனையோ புது வண்டிகள் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். அத்தையின் கிழட்டு வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அடக்கம் என்பது அவர் அகராதியில் கிடையாது.

பெருமை சும்மா வரவில்லை. விடிந்து எஞ்சின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பார். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கறை பிடிக்கும் என்பதால், கடையில் வாங்கும் பெரிய ஜாடித் தண்ணீர் காருக்குப் போகும். வீட்டு மனிதர்களுக்கு அதே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குவது போல ரப்பர் குழாய்களை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். வெயில் காலத்தில் ஊருக்குள் ஊர்ந்து போகும்போது ஏசி போடவே கூடாது. கண்ணாடியில் பர்மியர் தங்கள் காவல் தெய்வத்துக்குக் கட்டும் சிவப்பு வெள்ளைத் துணி, பானெட்டில் குங்குமம். எந்தச் சாமிக்கும் குறை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்குப் பெண்ணைக் கொடுத்த மகராசி, கார்ச் சாவியை மட்டும் கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை.

புத்தாண்டுக்கு ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஆடும் திஞ்ஞான் திருவிழா நாட்களில் அந்தக் கார் வீட்டைவிட்டு வெளியே வராது. அந்த வருடம் என் மனைவி நிறைமாதம். திருவிழா முடிந்துதான் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு அது தெரியுமா? திருவிழாவின் நட்டநடு நாளில், உச்சி வெயிலில் வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். டாக்சி ஒன்றுகூட இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அத்தை தோளில் துண்டைப் போட்டார், தண்ணீர் ஜாடியைத் தூக்கிக் காரில் வைத்தார், “ஏறுங்க மாப்புளே” என்றார்.

ஆஸ்பத்திரி நகரின் நட்டநடுவே, கியாக்டடாவில். வழியெல்லாம் மேடைகள், பாட்டு, தண்ணீர் பீச்சும் குழாய்கள், நனைந்த கூட்டம். கார்கள் நத்தையாக நகர்ந்தன. முள் ஏறத் தொடங்கியது. பின் சீட்டில் மனைவி என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அத்தை கையை நீட்டி ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது.

“என்ன அத்தே, புத்தி கெட்டுப்போச்சா? இந்த வெயில்ல ஹீட்டரா?”

“எஞ்சின் சூட்ட உள்ள இழுக்கிறேன் மாப்புளே. அது வேகாம இருக்கணும்னா நம்ம வேகணும்.”

வெந்தோம். அதற்கும் முள் அடங்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் அத்தை வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டார். ஆவி குபுகுபு என்று கிளம்பியது. பக்கத்து மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளவட்டங்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அடடா, ஒரு வண்டி சூடாகிக் கிடக்கிறதே என்று, ஐஸ் மிதக்கும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு ஓடிவந்தார்கள். கொதிக்கும் எஞ்சினில் ஐஸ் தண்ணீர் விழுந்தால் இரும்பு விரிசல் விட்டுவிடும், அப்புறம் வண்டி அசையாது. அத்தை பானெட்டுக்கு முன்னால் கைகளை விரித்து நின்று, ஊற்றாதீர்கள் என்று பர்மிய மொழியில் கத்தினார். அது எடுபடுமா? திருவிழாவில் ஊற்றாதே என்று கத்தாத அம்மா யார்? கத்தினால்தான் கூட ஊற்றுவார்கள். அதுதானே விளையாட்டு! சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். அத்தை திரும்பி, எஞ்சினைத் தன் உடம்பால் மறைத்துக் குனிந்துகொண்டார். வாளி வாளியாக எல்லாம் அவர் முதுகில் விழுந்தது.

நான் இறங்கி மறுபக்கம் ஓடி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து என் மனைவியைக் காட்டினேன். அவ்வளவுதான், பாட்டுச் சத்தத்தைத் தவிர எல்லாம் நின்றுபோயிற்று. ஒருவன் கைகூப்பி, “அமே, அமே” என்று தன் தாயைக் கூப்பிடுவது போல அத்தையிடம் மன்னிப்புக் கேட்டான். மற்றவர்கள் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ரேடியேட்டருக்கு விசிற ஆரம்பித்தார்கள். எஞ்சின் ஆறும் வரை காத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

“அம்மா! வலி தாங்கலம்மா! தண்ணிய ஊத்தித் தொலையேம்மா!” என்று என் மனைவி கதறினாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் பொறுக்கவில்லை. “அத்தே, உங்க கால்ல விழறேன், ஊத்திடலாம்” என்றேன்.

“இப்ப ஊத்தினா எஞ்சின் போயிரும். அப்பறம் இவள இந்தக் கூட்டத்துல தோள்ல தூக்கிட்டா ஓடுவீங்க?” என்றாரே தவிர, மகள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு இந்தப் பொம்பளைக்கு என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

ஒருவழியாகத் துண்டைச் சுருட்டி மூடியின் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஆவியை விட்டார். ஜாடித் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினார். வண்டி கிளம்பியது. அந்தப் பையன்கள் எங்களுக்கு முன்னால் கத்திக்கொண்டே ஓடி வழியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த நர்ஸ், என்னைப் பார்த்து, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் காரிலேயே பிறந்திருக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். நான் உள்ளே போய் உட்காரும் முன்பே அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது. பெண் குழந்தை.

சொல்ல ஓடிவந்தேன். அத்தை காருக்குள்ளேயே, சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தேன்.

“பொண்ணு பொறந்திருக்கு அத்தே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அவர் நிமிரவில்லை. “அவ என்னத் திட்டுனாளா மாப்புளே?”

“இல்ல அத்தே. உங்களத்தான் தேடுறா.”

“அத்தன தடவ கூப்டா. நான் திரும்பிப் பாக்கல. அவ மூஞ்சியப் பாத்திருந்தா நானே ஊத்தியிருப்பேன் மாப்புளே. போயி அவகிட்ட சொல்லுங்க, அம்மாவுக்கு ஒவ்வொண்ணும் காதுல விழுந்துச்சுன்னு.”

“நீங்களே வந்து சொல்லுங்க” என்று அவர் கையைப் பிடித்தேன். மருமகன் மாமியார் கையைத் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். அத்தை மறு கையால் கார்ச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையை விடாமல் இறங்கினார்.