மூன்றாவது தடவை அமுக்கக் கூடாது

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அந்தத் தெருவில் யார் வீட்டை சூடாக்கும் கேஸ் பாய்லர் மக்கர் பண்ணினாலும் முதல் போன் கிளெனிஸ் ஆர்மராடுக்குத்தான் போகும். அவள் ஸ்பானரைக் கையால் தொட்டவள் இல்லை. பாய்லர் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் போன் எடுத்தவள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அவள் மண்டைக்குள் இருந்த, பாய்லர் திரையில் வரும் பழுது எண்களை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் எந்த எண், விசிறி சுற்றாவிட்டால் எந்த எண், எல்லாம் அத்துப்படி. அறுபத்தொரு வயதில், ஒரு கையில் டோஸ்டும் இன்னொரு கையில் போனுமாக நின்று தீர்ப்பு சொல்வாள். பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. நின்ற பாய்லரை மறுபடி கிளப்பும் ரீசெட் பொத்தானை இரண்டு தடவை அமுக்கலாம். மூன்றாவது தடவை கை பொத்தானுக்குப் போகக் கூடாது, என்ஜினீயருக்குப் போன் போட வேண்டும். மீறினவர்களை அவள் லேசில் விடமாட்டாள். நாலு வருஷத்துக்கு முந்தைய ரீசெட்டைக்கூட நினைவு வைத்துத் திட்டுவாள்.

அந்த ஜனவரியில் ஊரே மூன்று நாளாக உறைந்து கிடந்தது. வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குள் நான்கு போன். நான்குக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: பாய்லர் கழிக்கும் தண்ணீர் இறங்குகிற வெளிக்குழாய் உறைந்துவிட்டது, வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்று, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிறகு ரீசெட். நான்கும் பலித்தது. ஐந்தாவதாக ஆல்வின் ஹார்க்ரீவ்ஸ் கூப்பிட்டார்.

ஆல்வின் நான்கு வீடு தள்ளித் தனியாக இருப்பவர், எழுபத்தெட்டு வயது. யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்பதுதான் அவருடைய மதம். கை முறிந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போன ஆள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ கண்ணு. பாய்லர் நின்னு நின்னு போகுது. முப்பத்திமூணுன்னு காட்டுது."

"தீ பத்திக்கிட்ட உடனே அணைஞ்சு போகுதுன்னு அர்த்தம். எத்தனை தடவை ரீசெட் பண்ணீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "ஒரு தடவைதான்."

"அப்ப பரவாயில்ல. வெளிக்குழாய் உறைஞ்சிருக்கும். இன்னிக்கு ஊரெல்லாம் அதே கதைதான். ஒரு ஜக்கு தண்ணி ஊத்திட்டு இன்னொரு தடவை அமுக்குங்க. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தலை கொஞ்சம் கனமா இருக்கு. குளிருதான், வேற ஒண்ணுமில்ல."

"கதவைச் சாத்திட்டுச் சமையலறையிலேயே உக்காருங்க. சூடா டீ குடிங்க."

நன்றி என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். கிளெனிஸ் மிச்ச டோஸ்டைத் தின்று முடித்து, வாசல்படியில் பனி உருக உப்புத் தூவ வெளியே வந்தாள். ஆல்வினுக்குப் பக்கத்து வீட்டு பெர்னடெட் நைட் டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது தூங்கணும்" என்றாள் பெர்னடெட். "நேத்துப் பகல் பூரா ஆல்வின் வீட்டுல ஏதோ கீ கீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம சுவரு லட்சணம்தான் தெரியுமே. சாயங்காலம் அவரே வந்து மன்னிப்புக் கேட்டாரு, பாவம். இனிமே சத்தம் வராதுன்னாரு."

"என்னது கத்துச்சு?"

"ஏதோ அலாரமாம். பாய்லருக்குப் பக்கத்துல மாட்டியிருந்ததாம். பழசாகிக் கெட்டுப்போச்சுன்னு பேட்டரியை உருவி ஷெட்டுல போட்டுட்டாராம்."

கிளெனிஸின் கையிலிருந்து உப்பு டப்பா விழுந்தது. முப்பத்து மூன்றுக்கு மூன்று காரணங்கள் உண்டு. கேஸ் சரியாக வராமல் இருக்கலாம். குழாய் உறைந்திருக்கலாம். இல்லையென்றால், எரிந்த புகை வெளியே போகாமல் திரும்பி வந்து தீயின் கழுத்தையே நெரிக்கலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். வாசனை கிடையாது, தலை கனக்கும், அவ்வளவுதான், ஆளைக் கொன்றுவிடும். அதைக் கண்டுபிடித்துக் கத்தத்தான் அந்த அலாரம். நான்கு போன் பலித்த மமதையில் ஐந்தாவதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காரச் சொன்னவளும் அவள்தான்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுச் செருப்போடு பனிக்கட்டி மேல் ஓடினாள். ஒரு தடவை விழுந்தாள், எழுந்தாள். கதவு பூட்டியிருந்தது. தபால் போடும் துவாரத்தில் வாயை வைத்து, "ஆல்வின்! வெளியே வாங்க! ஆல்வின்!" என்று கத்தினாள். உள்ளே சத்தமே இல்லை. அவருடைய மாற்றுச்சாவி, பின்னாலேயே ஓடிவந்த பெர்னடெட்டின் வீட்டில் இருந்தது. அவள் அதை எடுத்து வருவதற்குள் கிளெனிஸ் கதவைக் கையால் அறைந்துகொண்டே இருந்தாள். அந்த அரை நிமிஷத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

உள்ளே கடைசியில் சமையலறைக் கதவு. தள்ளினால் எதுவோ அடைத்தது. குளிர்காற்று நுழையாமல் இருக்கக் கதவடியில் வைக்கும் நீளத் துணிப்பொதியை ஆல்வின் உள்பக்கம் இறுக்கித் திணித்திருந்தார். தோளால் முட்டித் திறந்தாள். ஆல்வின் குறுக்கெழுத்துப் பக்கத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார். டீயைத் தொட்டிருக்கவில்லை. பாய்லர் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன ரீசெட் வேலை செய்திருந்தது.

ஸ்விட்சை அணைத்தாள். பின்கதவை விரியத் திறந்தாள். இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து அவரைக் கொல்லைப்புறப் பனியில் இழுத்துப் போட்டார்கள். பெர்னடெட் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ஆம்புலன்ஸ் போன பிறகு கேஸ் அவசரப் பிரிவு ஆள் வந்து கேஸை மூடி, வீட்டுக் காற்றைச் சோதித்தார். மத்தியானம், கிளெனிஸ் வரவழைத்த என்ஜினீயர் ஷாஸாத் பாய்லர் மூடியைக் கழற்றினான். பாய்லர் தலையில் புகைக்குழாய் வளையும் இடத்தில் மூட்டு நழுவியிருந்தது. பாதிப் புகை சமையலறைக்குள்ளேயே கொட்டியிருக்கிறது.

"பாய்லர் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும்" என்று சொல்லிப் பழைய பதிவைக் காட்டும் பொத்தானைத் தட்டினான். "நேத்திலிருந்து பதினாலு தடவை ரீசெட் பண்ணியிருக்காரு. கடைசித் தடவை இன்னிக்குக் காலைல எட்டு நாப்பத்தி ஒண்ணு."

பதினாலாவது அவளுடையது. கிளெனிஸ் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். ஷாஸாத் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆல்வின் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "மன்னிச்சுக்கோ கண்ணு, உனக்குப் பெரிய தொந்தரவாப் போச்சு" என்று ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஒரு தடவைன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

போர்வை நுனியை நீவிக்கொண்டே இருந்தார். "பதிமூணுன்னு சொன்னா நீ திட்டுவியே."

மூன்றாவது தடவை அமுக்கினால் ஆபத்து என்பதற்காகக் கிளெனிஸ் போட்ட சட்டம் அது. அந்தத் தெருவே அதை அவள் வாய்க்குப் பயப்பட வேண்டிய சட்டமாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம், காலை டோஸ்ட் நேரத்தில் கோடிவீட்டு நெவில் போன் பண்ணினான். "கிளெனிஸ், பாய்லர்ல ஒரு நம்பர் வருது—"

"நம்பர் கிடக்கட்டும். உனக்குத் தலை வலிக்குதா?"

"இல்லையே."

"அலாரம் சுவத்துல இருக்கா? கத்துச்சா?"

"இருக்கு. கத்தல."

"சரி. எத்தனை தடவை அமுக்கினே? திட்டமாட்டேன், சொல்லு."

"ஒம்பது" என்றான்.

கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"சொன்னியே, அதுவே போதும்" என்றாள். "பாய்லரை அணைச்சுட்டு கோட்டைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வா. என்ஜினீயருக்கு நானே போன் பண்றேன்."