சும்மாத் திட்டு ஏதுமில்லை ஆன கதை

ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார், பெயர் மட்டும் ஈயக்குண்டு. துறைமுகத்து அளவைப் படகில் முப்பத்தொரு வருடம் ஆழம் பார்த்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மெஷின் ஆழத்தைச் சொல்லிவிடும். அடியில் இருப்பது சேறா, மணலா, கல்லா என்று அதற்குத் தெரியாது. அதற்கு இவர் வேண்டும். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடிக்குழியில் சோப்பைத் திணித்து இறக்குவார். சோப்பில் ஒட்டிக்கொண்டு வருவதை விரலால் தேய்த்து, முகர்ந்து, "களிமண், மேல ஒரு சாண் மணல்" என்பார். சொன்னது பிசகியதில்லை. ஒரே ஒரு தடவை பிசகியது. அன்றைக்குக் குண்டை இறக்கவே இல்லை, வாயால் சொன்னார்.

இவருக்குச் சொந்தம் என்று இருப்பது அக்கா ஒருத்தி. இருவருக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா போனபோது இவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அக்காவைக் கட்டியவர் சின்னம்மாவின் கொழுந்தனார் மகன். இரண்டு பெண்களைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டார். தம்பியையும் பெண்களையும் அக்கா கரையேற்றியது மட்டிச் சிப்பி பொறுக்கித்தான். துறைமுக வாய்க்குத் தெற்கே, தண்ணீர் வற்றும்போது முதுகு காட்டும் ஒரு சேற்றுத்திட்டு உண்டு. வலை வேண்டாம், படகு வேண்டாம், குனிந்தால் மட்டி. சும்மா கிடைப்பதால் அதற்குப் பெயரே சும்மாத் திட்டு. பேச்சில் வெறும் 'சும்மா'. "அம்மா எங்கேடி?" என்றால், "சும்மாவுக்குப் போயிருக்கு" என்பார்கள் பெண்கள்.

அந்த வருடம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இந்தத் துறைமுகம்தான் வீடு என்று முடிவாயிற்று. ஒளிந்துகொள்வதற்கென்றே கட்டிய கப்பல் அது. அது ஒளிய இந்த ஆழம் போதாதாம். உள்ளே தூர்வார வேண்டும், வாரிய சேற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும். அதனால் யாருக்கு என்ன கெடும் என்று பார்த்து எழுத ஒரு குழு வந்தது. குழுவுக்குத் தலைவர் வெள்ளை ஷூ போட்ட ஒருவர். சேற்றைப் பற்றி எழுத வருகிறவன் வெள்ளை ஷூ போட்டு வந்தால் அவன் எதைப் பார்ப்பான்? ஷூவைத்தான் பார்ப்பான். கப்பலுக்குப் பெயிண்ட் சுரண்டும் மூலையில் சேறு எடுக்கச் சொன்னபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது மற்ற இடம் மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நல்ல மணலில் போய் நாலு டப்பா நிரப்பிய அறிவாளி அவர்.

அளவைப் படகில் திரும்புகிற வழியில், மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு ஈயக்குண்டிடம் விரல் நீட்டி நீட்டிக் கேட்டார்.

"அது என்ன?"

"கொடிமேடுங்க."

"அது?"

"பழைய பாலங்க. தூண் மட்டும் நிக்குது."

"அங்க, தெக்கால?"

"அது சும்மாங்க."

வெள்ளை ஷூ எழுதிக்கொண்டார்.

"குண்டு இறக்கிப் பார்க்கலாமுங்களா?"

"எதுக்கு? மணி பன்னெண்டு ஆகுது. சாப்பிட வேணாமா?"

படகோட்டி கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க, துறைப்படியில் இறங்கியதும் வெள்ளை ஷூ ஒரு தாளை நீட்டினார். ஈயக்குண்டு கண்ணாடி கொண்டுவரவில்லை. "என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல பெரியவரே, சும்மா ஒரு கையெழுத்து."

போட்டார்.

அறிக்கை நானூறு பக்கத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று துறைமுக அலுவலகத்தில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், என்னமோ யாரோ தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்கிற மாதிரி. அக்காவின் சின்னவள் அங்கே போய்ப் படித்து, ஒரு பக்கத்தைக் கையால் எழுதிவந்து சமையலறையில் வாசித்தாள்.

"திட்டு எண் ஏழு. ஏதுமில்லை. சேறு கொட்ட உகந்த இடம். ஆதாரம், உள்ளூர்த் தகவலாளர்."

அக்கா மட்டி அலசிக்கொண்டிருந்தாள். "எவன்டி அந்தத் தகவலாளன்?"

சின்னவள் மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார்.

"ஏதுமில்லையாமா?" என்றாள் அக்கா. "அப்ப நாப்பது வருஷமா ஏதுமில்லாததையா பொறுக்கி உன் வாயில போட்டேன்?"

"அக்கா, நான் பேரைத்தான்..."

"பேசாதே."

அவளும் பேசவில்லை. சின்னவள் வழியாகத் தட்டு வரும், சொல் வராது. அக்காவின் வசவு நின்றுபோன வீட்டில் ஈயக்குண்டுக்குச் சோறு இறங்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில். மேசைக்கு நீலத்துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். திரையில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, பக்கத்தில் சிரித்துக்கொண்டே துள்ளும் இரண்டு டால்பின். ஒரு டால்பினையாவது கேட்டுவிட்டா போட்டார்கள்? கடற்படை அதிகாரி கஞ்சி போட்ட சட்டைக்குள் கஞ்சி போட்ட மாதிரியே உட்கார்ந்திருந்தார். நடுவில், கூட்டத்தை நடத்த வந்த தலைவரம்மா. கடைசி வரிசையில், தம்பி இருக்கும் பக்கம் திரும்பாமல், அக்கா.

ஈயக்குண்டு மைக்கைப் பிடித்தார். "ஏழாம் திட்டுல மட்டி இருக்குங்க. முப்பது குடும்பம் பொழைக்குது. அதுக்குப் பேரு சும்மா. நான் சொன்னது பேருங்க."

வெள்ளை ஷூ சிரித்தார். "அம்மா, இவர்தான் எங்க தகவலாளர். 'அது சும்மா'ன்னு இவரே சொன்னார். சும்மான்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? ஊர் கூடினதும் பேச்சை மாத்துறார். கையெழுத்து இருக்கு."

"சும்மான்னா ஒண்ணுமில்லைங்களா?"

"சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"அப்ப சரிங்க" என்றார் ஈயக்குண்டு. "கையெழுத்து வாங்கும்போது நீங்க என்ன சொன்னீங்க? 'சும்மா ஒரு கையெழுத்து'ன்னு சொன்னீங்க. படகோட்டி பக்கத்துலதான் நின்னாரு, கேளுங்க. உங்க கணக்குப்படி பார்த்தா என் கையெழுத்தும் ஒண்ணுமில்லை. அடிச்சிருங்க."

மண்டபம் குலுங்கியது. கஞ்சிச் சட்டைகூடப் பாட்டிலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். தலைவரம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அந்தத் திட்டுல நீங்க இறங்கிப் பார்த்தீங்களா, சார்?"

வெள்ளை ஷூ பக்கங்களைப் புரட்டினார். நானூறு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

"தகவலாளர் கூற்றை நீக்குங்க. போய்ப் பார்த்துட்டு மறுபடி எழுதுங்க."

போனார்கள். ஈயக்குண்டுதான் கூட்டிப்போனார். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் படகைத் திட்டில் தரைதட்டவிட்டு, "இறங்குங்க சார், ஏதுமில்லாத இடம்தானே" என்றார். ஷூவோடு கால் முழங்கால்வரை சேற்றில் போயிற்று. மனிதரை இழுத்து வெளியே போட்டார்கள். இடதுகால் ஷூ அங்கேயே தங்கிவிட்டது. அந்தத் திட்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

அதற்காக நீர்மூழ்கிக் கப்பல் வராமல் போகவில்லை. தூர்வாரினார்கள், கலக்கினார்கள், சேற்றை மட்டும் வெளிக்கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே யாரைக் கேட்டார்களோ தெரியாது. பெயிண்ட் மூலையில் டப்பா நிரப்ப இரண்டாம் தடவையும் எவனும் போகவில்லை. தூர்வாரத் தொடங்கும் முன்பே புது அறிக்கையும் சங்கிலியோடு வந்துவிட்டது. சின்னவள் வாசித்தாள்: "திட்டு எண் ஏழு. மட்டி வளம் உண்டு. உள்ளூர்ப் பெயர், இலவசத் திட்டு."

அக்கா அலசுவதை நிறுத்தினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"அதையும் நீதான் சொன்னியா?"

"சத்தியமா இல்லக்கா! நான் சும்மாத் திட்டுன்னுதான்..."

"நானும் சும்மா திட்டலடா. இனிமே ஷூ போட்டவன் எவனாவது வந்து கேட்டா வாயைத் திறக்காதே, தலையை ஆட்டு." ஈரக்கையால் தட்டை அவளே அவர் முன்னால் தள்ளினாள். "அதையும் பார்த்து ஆட்டு."