எங்க நாய் குலைக்காதுண்ணா

பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக் பால் சொசைட்டி முனையில் திரும்பி மறைய வேண்டியதுதான், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவன் நாய் ஆரம்பித்துவிடும். அவன் மனைவி அதற்கு முன்பே கம்பெனி வேன் ஏறிப் போயிருப்பாள். இரண்டு பேரும் திரும்பி வரப் பொழுது சாயும். அதுவரை நாய் வாயை மூடாது. சோறு தின்பதற்காவது நிறுத்துகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். தின்றுகொண்டே குரைக்கும் வித்தை அதற்குத் தெரிந்திருந்தது.

தெரு நாய் குரைப்பதில் ஒரு நியாயம் உண்டு. பழைய இரும்பு வாங்குகிறவன் வருவான், குரைக்கும். அவன் போய்விடுவான், அதுவும் போய்ப் படுத்துக்கொள்ளும். இது சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிய ஜாதி நாய். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் டப்பா மாவைக் கரைத்து ஊட்டி வளர்த்தார்கள். பிறந்தநாள் என்று கேக் வெட்டித் தெருவுக்கே ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். அதற்கு வைத்திருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் நாய் என்றே கூப்பிட்டேன், அதுவும் திரும்பிப் பார்த்தது.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ராத்திரி ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடம் பக்கத்தில் விட வேண்டும். அங்கே ஷிப்டு முடிந்து நிற்பவர்களைக் கொண்டுவந்து அவரவர் ஊரில் இறக்க வேண்டும். மறுபடி ஓடி, காலையில் ராத்திரி ஆட்களைத் திரும்ப ஏற்றி வர வேண்டும். வண்டியில் ஏறியதும் அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். தூங்கக்கூடாத ஒரே ஆள் நான். என்னுடைய தூக்கமெல்லாம் பகலில்தான், அந்தத் தூக்கத்துக்குச் சுவரை ஒட்டி இந்தக் கச்சேரி.

ஒரு நாள் சாயங்காலம் டூட்டிக்குப் போனபோது வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் சிவந்து கிடந்த என் கண்ணைப் பார்த்தார். பீடி கூடத் தொடாதவன் நான். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குடித்தவனைப் பிடிக்கும் மிஷினை வாயில் வைத்து ஊதச் சொன்னார். ஊதினேன். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"குடிக்கல, சரி. ஆனா இந்தக் கண்ணோட ஸ்டியரிங்க தொடாத. இன்னொரு வாட்டி இப்டி வந்தின்னா வண்டி சாவிய வச்சுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார்.

இந்த வயதில் சாவியை வைத்துவிட்டு வந்தால் வேறு யார் வேலை கொடுப்பார்கள். மறுநாள் காலையில் அந்தத் தம்பி பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"எங்க நாயா? எங்க நாய் குலைக்காதுண்ணா. ரொம்ப டீசன்ட்டு. நான் வூட்ல கீறப்போ ஒரு சத்தம் உட்டு நீங்க பாத்துக்கீறீங்களா?"

"நீ வூட்ல இல்லாதப்போ உடுதுப்பா."

"இல்லாதப்போ எப்டிண்ணா நான் பாக்கறது?"

சொந்தமாக வீடு கட்டித் தரையெல்லாம் டைல்ஸ் போட்டவன், கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவன், இப்படிப் பேசுகிறான். தெருக்காரர்களும் அவன் பக்கம். எனக்கு வயிற்றெரிச்சல், அவன் வீட்டு டைல்ஸைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். பகலெல்லாம் வயலிலும் நூறு நாள் வேலையிலும் இருக்கிறவர்களுக்கு எந்த நாய் குரைத்தால் என்ன.

அவன் நியாயஸ்தன். ஒரு நாள் லீவு போட்டான். நாய் குரைக்கிறதா இல்லையா என்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு கட்டி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நாய் அவன் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. போகிற வருகிற நாலு பேரைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டுக் காட்டினான். அன்றைக்கு நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். சாயங்காலம் கதவைத் தட்டி எழுப்பியதும் அவன்தான்.

"பாத்துக்கினீங்களாண்ணா? ஒரு தபா கூட குலைக்கல. நீங்க டாக்டர்கிட்ட காமிங்க. காதுல எதுனா பிராப்ளம் இருக்கும்."

இரண்டு டிகிரி படித்தவன் அவன்.

அன்றைக்கு ராத்திரி டூட்டிக்குக் கிளம்புமுன் என் மனைவிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் சென்னையில் இருக்கிறாள். ஒரு மாதம் என்று போனவள். குழந்தை இப்போது நடக்கிறது.

"அது தனியா கீது. அதான் கத்துது. இதுக்குப் போயி" என்றாள் அவள்.

"நான்கூடத்தான் தனியா கீறேன். குலைச்சுக்கினா கீறேன்?" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் குழந்தை கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

தம்பியின் மனைவி மட்டும் நான் சொன்னதைக் காதில் வாங்கியிருப்பாள் போலிருக்கிறது. அவள் நச்சரிப்புக்காக அவன் கூரை மேல் கண்திருஷ்டிப் பூசணி கட்டினான். வெளி நாய் வாசனைக்குத்தான் உள் நாய் குரைக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, கேட்டில் சிவப்புச் சாயத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டான். எங்கள் பக்கம் வாசலில் நாய் அசிங்கம் பண்ணாமல் இருக்கக் கட்டுகிற பாட்டில் அது. வீட்டுக்குள் நாயை வைத்துக்கொண்டு வாசலில் நாயை விரட்டுகிற பாட்டிலைக் கட்டிய ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான். பிறகு, துணைக்கு இருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுப் போனார்கள். சீரியலில் மாமியார் அழுவாள், நாய் குரைக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் கேமரா வந்தது, அலமாரி மேல் உட்கார்ந்தது. கம்பெனியில் இருந்துகொண்டே போனில் வீட்டைப் பார்க்கலாம், இங்கே நடப்பதைக் கேட்கலாம், அங்கிருந்து பேசவும் செய்யலாம். நாய் குரைக்கிறது என்பதை அவன் அன்றைக்குத்தான் நம்பினான். நான் இத்தனை நாள் சொன்னதை நம்பாதவன், போன் சொன்னதும் நம்பினான். நம்பியதோடு விட்டானா, டீ பிரேக்குக்கு டீ பிரேக் நாயோடு பேச ஆரம்பித்தான்.

முதல் நாள் தூக்கத்தில் அவன் குரல் கேட்டது. "டேய், கம்முனு இர்றா. டாடி பேசறேன் இல்ல?" என்றது குரல். சரி, ஆள் வந்துவிட்டான், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று லுங்கியை இறுக்கிக்கொண்டு போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான். நாய் குரல் வந்த பக்கம் ஓடியது. அலமாரிக்குப் பின்னால் தேடியது, கட்டிலுக்கு அடியில் தேடியது, கதவுக்கு வந்து பிறாண்டியது. தெருப்பக்க ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. எஜமான் குரல் இருக்கிறது, எஜமான் இல்லை. அதற்கு அப்புறம் அது குரைக்கவில்லை, தலையைத் தூக்கி ஊளையிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, ஜன்னலாண்ட நிக்காதீங்க. உங்கள பாத்துதான் கத்துது" என்றது அலமாரி.

நான் அலமாரியைத் திட்டிவிட்டு வந்து படுத்தேன். அதன் பிறகு அவனுக்கு டீ பிரேக் என்றால் எனக்கு ஊளை. சூப்பர்வைசர் என் கண்ணை முறைத்துப் பார்ப்பது அதிகமாயிற்று. நானே சாவியை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு காலையில் ஏரிக்கரை ஓரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது அந்தத் தம்பியின் மனைவி வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"அண்ணா, நேத்து நானும் போன்ல பாத்தேன். என் நைட்டிய இழுத்துப் போட்டு அது மேல படுத்துக்கினு அழுவுது. நீங்க பகல்ல வூட்லதான கீறீங்க? உங்ககூட வச்சுக்கிறீங்களா? நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

தூக்கம் போனவனிடமே தூக்கத்தைக் கெடுத்ததைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறாள். அவ்வளவு கோபத்திலும் சாவியை வாங்கிக்கொண்டேன். வேறு வழி இருந்ததா. தம்பி பைக்கில் கம்பெனி போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். நாய் என் மேல் தாவியது. அலமாரி பேசியது.

"அண்ணா, டைல்ஸு. செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க."

நாயைக் கூட்டிவந்து என் கட்டில் காலில் கட்டினேன். அது ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து, குறட்டை விட்டது. நானும் விட்டேன். அன்றைக்கு எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அடுத்த நாள் கட்டவேகூட இல்லை. சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது அதை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். மீதிச் சோறு வைத்தால் தின்றது, டப்பா மாவெல்லாம் கேட்கவில்லை. சூப்பர்வைசர் என் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறொரு டிரைவரைப் பார்க்கத் தொடங்கினார். தன் அதட்டலில்தான் நாய் திருந்தியது என்று அந்தத் தம்பி கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு காலையில் நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது அவன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலை கலைந்து, கண் சிவந்து, ஊதச் சொல்லலாம் போலிருந்தான்.

"இன்னாண்ணா பண்ணி வச்சுக்கீறீங்க எங்க நாய? நீங்க சாயங்காலம் டூட்டிக்குப் போன உடனே ஆரம்பிக்கிது. உங்க வூட்டுப் பக்கமா திரும்பிக்கினு விடிய விடிய கத்துது. நாங்க ரெண்டு பேரும் கூடவே தான கீறோம்? எங்களுக்கு ஒரே பேஜாரா போச்சுண்ணா. தூங்கி ஒரு வாரம் ஆவுது. நானும் வேலைக்குப் போவணும் இல்ல?"

இத்தனை மாதம் கழித்து அவன் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது. அவன் காலுக்கிடையில் புகுந்து நாய் என்னிடம் ஓடிவந்தது. முழங்கால் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. சத்தமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வீட்டை விட்டுப் போனால் போனேனே என்று இந்த ஊரில் தொண்டை கட்ட அழுவதற்கு ஒன்று இருக்கிறது. அதுவும் அடுத்தவன் நாய்.

"நான் கீறப்போ குலைக்கவே மாட்டேன்னுதேப்பா" என்றேன். "ரொம்ப டீசன்ட்டு. வேணும்னா ஒரு நாள் ராத்திரி லீவு போட்டுட்டு வந்து நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறேன்."

அவன் பைக் பக்கம் போனான். நான் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படுத்தேன். நாய் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.